பிள்ளையின் படி அறிந்து பாடம் கொடுப்போம்

“குர்ஆன் ஷரீபைத் தடங்கலின்றி ஓதுகிறான், தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் எழுத்து எழுத்தாகத் தடவுகிறானே, ஏன்?” மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் இப்படிக் கேட்பது இன்று சாதாரணமாகிவிட்டது. வண்டியூரானாலும் மதுரை நகரின் வேறு மஹல்லாவானாலும் இந்தக் கவலை ஒன்றுதான். சில வீடுகளில் இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. மகள் பள்ளிக்கூடத்தில் நன்றாக வாசிக்கிறாள். மக்தபிலோ அலிஃப், பே தாண்டவில்லை. இன்னும் சில வீடுகளில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவரும் மூன்று விதமாக நிற்பார்கள்.

இதற்கெல்லாம் நாம் எளிதாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. “விளையாட்டுப் புத்தி”, “சோம்பேறி”, “மண்டையில் ஏறவில்லை” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. பிள்ளை நிற்கும் இடம் ஒன்று. நாம் கொடுக்கும் பாடம் வேறொன்று. நான்காவது படியில் ஏறச் சொல்கிறோம். அவன் இன்னும் முதற்படியில் கால் வைக்கவில்லை. அவன் நிற்கும் படியை அறிந்து அங்கிருந்து ஏற்றிவிட்டால், வாசிக்க வராத பிள்ளை என்று நாம் நினைப்பவர்களில் மிகப் பலர் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கான வழியைப் பெற்றோருக்கும் மக்தப் உஸ்தாதுமார்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே பார்ப்போம்.

வாசிப்பு நமக்கு ஏன் முக்கியம்?

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலில் இறங்கிய வசனங்கள் ஓதும்படி ஏவுகின்றன. எழுதுகோலைக் கொண்டு இறைவன் கற்பித்ததையும் நினைவூட்டுகின்றன. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தும் மீட்புப் பணம் கொடுக்க வழியில்லாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் மதீனாவின் சிறுவர்களுக்கு, ஆளுக்குப் பத்துப் பேர் வீதம், எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று ஏற்பாடாயிற்று என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். பொருளாதார நெருக்கடியில் இருந்த ஒரு சிறு சமுதாயம், கைக்கு வரவேண்டிய பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளின் எழுத்தறிவை ஏற்றுக்கொண்டது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு காரியமும் அடங்கியிருக்கிறது. குர்ஆனை அரபியில் ஓதக் கற்கும் பிள்ளை, அதன் பொருளைப் பெரும்பாலும் தமிழில்தான் அறிய வேண்டும். ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களைப் போன்றோர் பல்லாண்டுகள் பாடுபட்டுத் தமிழாக்கம் செய்து வைத்ததெல்லாம் யாருக்காக? தமிழை வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரியாத பிள்ளைக்கு அந்த வாசல் மூடியே கிடக்கும். ஆகவே, தமிழ் வாசிப்பு பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணுக்கு மட்டும் உரிய காரியம் என்று ஒதுக்கிவிடலாகாது.

மக்தபில் இருக்கும் நல்ல முறை

நம் மக்தபுகளில் பாடம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரே பாயில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் அலிஃப், பே, அடுத்தவன் கூட்டெழுத்து, இன்னொருத்தி யஸ்ஸர்னல் குர்ஆன், அவளுக்குப் பக்கத்தில் இருப்பவன் அம்ம ஜுஸ்வு, மூத்தவன் பகரா சூரா. ஒவ்வொருவருக்கும் தனித்தனி சபக். உஸ்தாது ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் கேட்பார். சரியாக வந்தால் அடுத்த பாடம். வராவிட்டால் அதே பாடம் நாளைக்கும். “உனக்கு எட்டு வயதாகிவிட்டது, ஆகவே நீ பகரா சூராதான் ஓத வேண்டும்” என்று எந்த உஸ்தாதும் சொல்வதில்லை. வயதைப் பார்ப்பதில்லை, படியைத்தான் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பழைய திண்ணைப் பள்ளிகளிலும் இம்முறையே இருந்தது. சிறு பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். கற்றுத் தேர்ந்த மூத்த பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னையில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த மணல் எழுத்து முறையைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் நடத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு சேர்த்து, 1797இல் புத்தகமாக எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றுப் பரவியது. நம் திண்ணையில் இருந்த சரக்கு கடல் கடந்து மதிப்புப் பெற்றது. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு புத்தகம், நாளுக்கு ஒரு பாடம். ஓரிடத்தில் பின்தங்கிய பிள்ளைக்காக வகுப்பு நிற்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் எழுத்து பிடிபடாதவன் இரண்டாம் வகுப்பில் சொல்லைப் பிடிக்க முடியாது; மூன்றாம் வகுப்பில் அவனுக்குப் புத்தகமே பாரமாகிவிடும். ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் ‘ஏசர்’ என்ற பெயரில் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து வருகிறது. கொரோனாவுக்குப் பின் 2022இல் நடந்த சோதனையில், தமிழ்நாட்டின் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. பள்ளிகள் மூடப்படுவதற்கு முன்னர், 2018இலேயே அது சுமார் 10தான்.

அரசும் இதை உணராமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று; பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறலாம். பின்னர் அது மாநிலமெங்கும் விரிந்தது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. 2023இல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’ சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வெளியிட்டது. பெயர்கள் எவ்வளவு அழகாக இருக்கின்றன, பாருங்கள்! நடக்க வராத பிள்ளையை யாரும் ஓடச் சொல்வதில்லை அல்லவா?

புகாரி ஷரீபின் கல்விப் பாடத்தில் ‘ரப்பானீ’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தரப்பட்டிருக்கிறது. பெரிய கல்விக்கு முன் சிறிய கல்வியைக் கொடுத்து மக்களை வளர்ப்பவரே ரப்பானீ என்பது அதன் கருத்து. மனிதர்களிடம் அவர்கள் அறிந்துகொள்ளக் கூடியதைப் பேசும்படி அலீ (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதும் அதே பாடத்தில் இருக்கிறது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத் தமிழில் எழுதியது ஏன்? நம் முன்னோரில், குறிப்பாகப் பெண்களில், தமிழ் எழுத்துத் தெரியாமல் அரபி எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் நிறைய. தெரிந்த எழுத்தின் வழியாகவே தெரியாத விஷயங்களை அவர்களிடம் கொண்டு சேர்த்தார்கள். வாசகர் நிற்கும் இடத்துக்குப் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள் என்பது இதன் பொருள்.

குர்ஆன் ஓதுபவன் தமிழில் தடுமாறுவது ஏன்?

இரண்டு எழுத்தும் இரண்டு விதம். அரபியில் அடிப்படை எழுத்துகள் 28. ஒவ்வொன்றுக்கும் உரிய மக்ரஜ் உண்டு; ஸபர், ஸேர், பேஷ் என்ற குறிகள் மேலும் கீழும் நின்று உச்சரிப்பைக் காட்டிவிடும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ‘கெ’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் தென்படுவது கொம்பு. நாக்கு முதலில் சொல்ல வேண்டியதோ ககரம். ‘கொ’வில் குறிகள் இரு பக்கமும் நிற்கும். கடல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ‘க’ ஒன்றுதான். ஓசை மூன்று விதம். நமக்குப் பழகிப்போனதால் இந்தச் சிரமம் தெரிவதில்லை. பிள்ளைக்கு இது மலை.

மேலும், குர்ஆன் வசனங்களைப் பிள்ளை நூற்றுக்கணக்கான தடவை காதால் கேட்டிருக்கிறது. கண் தவறினாலும் காது கைகொடுக்கும். தமிழ்ப் பாடத்துக்கு அந்தத் துணை இல்லை. வீட்டில் ‘வந்துச்சு’ என்கிறோம். புத்தகத்தில் ‘வந்தது’ என்றிருக்கிறது. உருது பேசும் வீடுகளில் அந்தத் தூரம் இன்னும் அதிகம். ஆதலால், புத்தகத் தமிழைப் பிள்ளையின் காதில் விழச் செய்வது நம் கடமை. தினமும் ஒரு பக்கம் உரக்க வாசித்துக் காட்டும் வீட்டில் பாதி வேலை முடிந்துவிடும்.

படியை அறிவது எப்படி?

பிள்ளையைத் தனியாக, அன்போடு உட்கார வையுங்கள். ‘ஏசர்’ ஆய்வில் கையாளும் முறையே வீட்டுக்கும் போதுமானது. முதலில் நான்கைந்து எளிய வரிகள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுங்கள். சரளமாக வாசித்தால் ஒரு சிறு கதை. பத்தி வராவிட்டால் ஐந்து எளிய சொற்கள். அவற்றில் நான்காவது சரியாக வர வேண்டும். அதுவும் வராவிட்டால் ஐந்து எழுத்துகள். அங்கும் அதே கணக்கு. எந்த இடத்தில் நிற்கிறானோ, அதுவே அவன் படி.

ஓர் எச்சரிக்கை. பாடப் புத்தகத்திலிருந்து சோதிக்காதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே பாடம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், நாம் ஏமாந்துவிடுவோம். புதிய பக்கத்தைக் காட்டுங்கள், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேளுங்கள். பிள்ளைக்குக் கண் பார்வையும் காதும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வது நல்லது. கரும்பலகை தெரியாமலே மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

முதற் படி: எழுத்து

247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வது வீண் வேலை. ட, ப, ம ஆகிய மூன்றையும், மேலே புள்ளி வைத்தால் ஓசை எப்படி மாறும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். உடனே படம், மடம், பட்டம் என்று சொற்கள் பிறந்துவிடும். ‘நான் வாசித்துவிட்டேன்’ என்ற மகிழ்ச்சி முதல் வாரத்திலேயே பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நான்கு எழுத்து போதும். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் செய்யுங்கள். கையும் கண்ணும் வாயும் ஒன்றாக வேலை செய்தால் எழுத்து மறக்காது.

பாட்டனார் வைத்துவிட்டுப் போன பழைய புத்தகங்களை இந்தப் படியில் கொடுக்க வேண்டாம். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர் ணை, லை, றா போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவங்கள் இருந்தன. சிறு பிள்ளை குழம்பிவிடும்.

இரண்டாம் படி: சொல்

எழுத்து தெரியும், கூட்டத் தெரியாது. இது இரண்டாவது படி. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, அட்டைக்கு ஓர் எழுத்து எழுதிச் சேர்த்துப் பிரித்து விளையாடச் செய்யுங்கள். ‘கல்’ வந்தால் ‘பல்’, ‘பல்’ வந்தால் ‘பால்’. துணைக்கால் ஒன்று சேர்ந்ததும் சொல் மாறுவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மலை, மழை, வலி, வழி, மரம், மறம் என்று இணை இணையாகக் காட்டினால் லகர ழகரமும், ரகர றகரமும் தெளியும்.

நீண்ட சொல்லைத் துண்டுதுண்டாகப் பிரிக்கவும் இங்கேதான் பழக்க வேண்டும். வண்டியூரிலிருந்து நகருக்குள் போகும்போது பஸ்ஸின் பலகையே பாடப் புத்தகம். ‘மாட்டுத்தாவணி’ என்பதை மாட், டுத், தா, வணி என்று பிரித்துச் சேர்க்கட்டும். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, மளிகைப் பட்டியல் எல்லாம் இந்தப் படிக்கு உதவும்.

மூன்றாம் படி: வரி

இந்தப் படியில் நிற்கும் பிள்ளைகளே அதிகம். பெற்றோர் அதிகமாக ஏமாறுவதும் இங்குதான். பிள்ளை வாசிக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக இழுத்து வாசிக்கிறது. வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. அல்லது ராகம் போட்டு ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, “என்ன படித்தாய்?” என்றால் விழிக்கிறது. இது வாயின் வேலை. வாசிப்பு இன்னும் வரவில்லை.

உஸ்தாது சொல்லிக் கொடுத்துப் பிள்ளை திருப்பிச் சொல்வது போல, நீங்கள் ஒரு வரி வாசியுங்கள். பிள்ளை அதே வரியைப் பார்த்து வாசிக்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு பிள்ளை தனியாக. ஒரே பத்தியை மூன்று நாள் வாசித்தால் தவறில்லை. மூன்றாம் நாள் இழுவை போய் ஓட்டம் வரும்.

குர்ஆனில் வக்ஃபு அடையாளங்கள் இருக்கின்றன. ‘மீம்’ கண்டால் நிறுத்த வேண்டும். ‘லா’ கண்டால் நிறுத்தலாகாது. இடம் தவறி நிறுத்தினால் பொருள் கெடும் என்பது மக்தப் பிள்ளைக்குத் தெரியும். தமிழில் கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. “அம்மா, தம்பி வந்தாயிற்று” என்றால் வந்தவன் வீட்டின் சின்னப் பையன். நிறுத்தாமல் “அம்மா தம்பி வந்தாயிற்று” என்றால் வந்தவர் மாமா! இப்படிச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே புரிந்துகொள்ளும்.

வாசித்து முடித்ததும் மூன்று கேள்விகள்: யார்? என்ன நடந்தது? ஏன்? பதிலைப் புத்தகத்தின் சொல்லில் எதிர்பார்க்காமல், வீட்டுப் பேச்சிலேயே சொல்லவிடுங்கள். தன் வார்த்தையில் சொன்னால் புரிந்தது என்று அர்த்தம்.

நான்காம் படி: நூல்

சரளமாக வாசிக்கும் பிள்ளையை நாம் கவனிப்பதே இல்லை. “அவளுக்குத்தான் வருகிறதே” என்று விட்டுவிடுகிறோம். தீனி இல்லாத விளக்கு அணைந்துவிடும். நபிமார்கள் வரலாறு, சிறுவர் கதை, விஞ்ஞானம், செய்தித்தாள் என்று பலவகையும் கையில் கிடைக்க வேண்டும். மதுரை சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மாதம் ஒரு முறையாவது அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பிள்ளையிடம் “என்ன நடந்தது?” என்று கேட்பதோடு நில்லாமல், “அவர் செய்தது சரியா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்றும் கேட்க வேண்டும். தான் ஓதிய சிறு சூராவின் தமிழாக்கத்தை வாசித்துப் பொருள் சொல்லச் செய்யுங்கள். தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பையும் கொடுங்கள். கற்பிப்பவனே அதிகம் கற்கிறான்.

திக்கி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி

எல்லாப் படிகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. கேலி கூடாது. மற்றவர் முன்னால் திக்கியதற்காக ஒரு முறை அவமானப்பட்ட பிள்ளை, அடுத்த முறை புத்தகத்தைத் திறக்கவே கூசுகிறது. “தலை வலிக்கிறது” என்கிறது. கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவதற்குத் தூரம் அதிகமில்லை. அக்காவைக் காட்டித் தம்பியை இடித்துரைப்பதும் இதே தீங்கைத்தான் செய்யும்.

குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க மலக்குகளுடன் இருப்பார் என்றும், சிரமத்தோடு திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. தடுமாறுபவனை அல்லாஹ்வின் தூதர் வெட்கப்பட வைக்கவில்லை. அவன் படும் சிரமத்துக்கே கூலி இருக்கிறது என்றார்கள். குர்ஆன் ஓதுவதைப் பற்றிய நன்மாராயம் இது. ஆயினும், எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளையின் முன் நாம் எந்த முகத்தோடு உட்கார வேண்டும் என்பதற்கும் இதில் படிப்பினை இருக்கிறது.

எவ்வளவு நேரம்?

தோழர்கள் சடைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் நாள்களைப் பார்த்தே உபதேசம் செய்வார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அப்படியென்றால் சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் மௌனமாக இருக்கட்டும். அத்தாவும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். பிள்ளைகள் மூவர் இருந்தால் மக்தபைப் போல் மூவருக்கும் மூன்று பாடம். படிக்கத் தெரியாத தாயும் கவலைப்பட வேண்டியதில்லை. “எனக்கு வாசித்துக் காட்டு” என்று கேட்டு, கதையைக் காது கொடுத்துக் கேட்டாலே அதுவும் பெரிய உதவிதான். மாதம் ஒரு முறை மீண்டும் சோதித்து, ஏறியிருந்தால் பாடத்தையும் ஏற்றுங்கள்.

மஸ்ஜிதுகளில் மக்தப் நடத்தும் ஜமாஅத்தார் ஒரு காரியம் செய்யலாம். ஓதும் வகுப்பு முடிந்தபின் கால் மணி நேரம் தமிழ் வாசிப்புக்கு ஒதுக்கி, மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்கு வாசித்துக் காட்டச் செய்யலாம். ஓர் அலமாரியும் நாற்பது ஐம்பது சிறு புத்தகங்களும் போதும். அவற்றை வயதுவாரியாக அடுக்காமல் படிவாரியாக அடுக்கி வையுங்கள்.

இன்றைக்கே உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, புதிய பக்கம் ஒன்றைக் காட்டி, எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். கீழ்ப்படியில் நின்றால் மனம் வருந்த வேண்டாம், ஏறுவதற்குத்தானே படி! திருக்குர்ஆனே சிறுகச் சிறுக 23 ஆண்டுகளில் இறக்கியருளப்பட்டது. நம் பிள்ளைகளைப் பொருள் உணர்ந்து வாசிக்கும் மக்களாக ஆக்கி, அவர்களுக்குக் கல்வியை அதிகமாக்கித் தர வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.